சம்பளமில்லாத பதவிகள்: மலையகத்து எச்.ஆர். கிளைக் குழு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்டி, ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை என்று சிதறிக் கிடக்கும் மனிதவளத் துறைக்காரர்களின் கிளைச் சங்கம் ஒன்றில் தகவல் தொடர்பு வேலை என் தலையில் இருக்கிறது. தேயிலைக் கம்பனி, ஆடைத் தொழிற்சாலை, ஹோட்டல், வங்கி, தனியார் ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்து ஆட்களும் இதில் உண்டு. கூட்டம் முடிந்து தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்கும்போதும், இரவில் தொலைபேசியிலும் வருவது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே போட்டிருக்கிறேன். பதில் என்னுடையது. உங்கள் சங்கத்தின் யாப்பு, அதாவது எழுதி வைத்த விதிகள், வேறு மாதிரிச் சொன்னால் யாப்புதான் செல்லும்.

எச்.ஆர். சங்கம்னா யூனியன்தானே? நான் மெனேஜ்மன்ட் பக்கம், சேரலாமா?

யூனியன் இல்லை. தொழிற்சங்கம் 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவாகி, அங்கத்தவரின் சம்பளத்துக்கும் வேலை நிபந்தனைகளுக்கும் முதலாளியோடு பேரம் பேசும். நம்முடையது தொழில்வாண்மைச் சங்கம். ஒரே தொழிலைச் செய்கிறவர்கள் படிக்கவும், ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளவும், தொழிலுக்கு ஓர் ஒழுக்கக் கோவை வைத்துக்கொள்ளவும் கூடுவது. தோட்டத்தில் "சங்கத்துல சேர்ந்துட்டேன்" என்றால் அடுத்த கேள்வி எந்தக் கட்சி என்றுதான் வரும். பெரிய துரையிடம், அதாவது தோட்ட மெனேஜரிடம், சொல்லும்போது இந்த வித்தியாசத்தையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

இது நேற்று முளைத்த யோசனையும் இல்லை. பிரித்தானியாவின் மனிதவளச் சங்கமான சீ.ஐ.பீ.டீ., 1913இல் யோர்க் நகரில் கூடிய தொழிற்சாலை நலன்புரி உத்தியோகத்தர்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் இதே மாதிரிச் சங்கமான எஸ்.எச்.ஆர்.எம். 1948இல் வேறொரு பெயரில் தொடங்கியது. இலங்கையின் ஆளணி முகாமைத்துவ நிறுவகம் 1959இல் உருவாகி, 1976இல் பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. இப்படியான சங்கங்களின் தலைமையகத்தில் சம்பளத்துக்கு ஆள் இருப்பார்கள். கிளையை ஓட்டுகிறவர்கள் உங்களைப் போல ஒபிஸ் முடிந்து வருகிறவர்கள்.

சம்பளம் ஒன்னும் இல்லையே, நான் ஏன் கமிட்டிக்கு வரணும்?

வரத்தான் வேண்டும் என்றில்லை. வீட்டில் கைக்குழந்தையோ படுக்கையில் பெற்றோரோ இருக்கும் வருடத்தில் சாதாரண உறுப்பினராக இருப்பதே சரி. சந்தா கட்டி, வருடத்தில் சில நிகழ்ச்சிகளுக்கு வந்தாலே சங்கத்துக்குப் போதும்.

வருகிறவர்களுக்குக் கிடைப்பது என்ன என்றால், முதலாவது ஆள் பழக்கம். மலையகத்தில் பல தொழிற்சாலைகளில் எச்.ஆர். என்றால் ஒரே ஒருவர்தான். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை, மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று 1983ஆம் ஆண்டின் சட்டம் தெளிவாகத்தான் சொல்கிறது. ஆனால் நடுவில் சில மாதம் சம்பளமில்லா லீவில் போனவரின் கணக்கு மேசைக்கு வரும்போது யாரையாவது கேட்கத் தோன்றும். தலைமை அலுவலகத்தைக் கேட்டால் "சட்டப் பிரிவுக்கு அனுப்புங்கள்" என்பார்கள். கமிட்டியில் இருந்தவருக்கு அந்த நேரத்தில் அழைக்க ஒரு நம்பர் இருக்கும்.

இரண்டாவது, ஒபிஸில் பத்து வருடம் காத்திருந்தாலும் கையில் கிடைக்காத வேலைகள்: நூறு பேர் நிகழ்ச்சிக்கு வரவு செலவுத் திட்டம் போடுவது, கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது, பேச்சாளரை நேரத்துக்கு இறக்குவது. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

தலைவர், செயலாளர், பொருளாளர் சரி. மத்தவங்களுக்கு என்ன வேலை?

உபதலைவர் அடுத்த தலைவராகப் பழகிக்கொள்கிறவர். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் மண்டபம், பேச்சாளர், சாப்பாடு பார்ப்பார். உறுப்புரிமைப் பொறுப்பாளர் சந்தா முடிந்தவர்களையும் புதியவர்களையும் பார்ப்பார். தகவல் தொடர்புப் பொறுப்பாளர் சங்கம் வெளியே சொல்லும் எதையும் எழுதுவார். முன்னாள் தலைவர் கேட்டால் ஆலோசனை சொல்வார். கேட்காமல் சொல்கிறவர்களும் உண்டு.

கிளை ஓடுவதும் நிற்பதும் செயலாளர் கையில். தலைவர் ஒரு மாதம் வெளிநாடு போனால் கிளை தாங்கும், செயலாளர் ஒரு வாரம் மௌனமானால் தாங்காது. அதனால் அந்தப் பதவிக்கு ஆள் தேடும்போது பட்டத்தையும் பதவியையும் விட்டுவிட்டு, கேட்டதற்கு அன்றைக்கே பதில் போடும் பழக்கம் உள்ளவரைத் தேடுங்கள்.

கண்டி ஆட்கள்தானே எல்லாத்தையும் நடத்துறாங்க? நாங்க ஹட்டன்ல இருந்து வந்து போறதுக்குள்ள பொழுது விழுந்துடுது.

நியாயமான குறை. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை கடந்து கண்டிக்கு வந்து, இரண்டு மணி நேரக் கூட்டத்தில் இருந்துவிட்டு அதே வழியில் திரும்புவது ஒரு நாள் வேலை. பண்டாரவளை, பதுளை ஆட்களுக்கு அதைவிட மோசம், அவர்கள் ஊவா மாகாணத்துக்காரர்கள். வரைபடத்தில் எல்லாம் மலைநாடு என்று ஒரே நிறத்தில் தெரியும், பாதையில் அப்படித் தெரியாது.

மாதாந்தக் குழுக் கூட்டத்தைச் சூமில் வைத்து, நேரடியாகக் கூடுவதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊர் மாற்றி வைப்பது இதற்கு ஓரளவு சரிவருகிறது. நேரடிக் கூட்டத்தின் முடிவு நேரத்தை எப்போதும் கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். "ஐந்து மணிக்கு முடியும்" என்று போட்டுவிட்டு ஆறரை வரை இழுத்தால், தூரத்து ஆள் அடுத்த தடவை வரமாட்டார், காரணமும் சொல்லமாட்டார்.

நாள் பார்ப்பதும் இங்கே தனிக் கலை. எசல பெரஹரா நாட்களில் கண்டி நகருக்குள் கூட்டம் வேண்டாம், பாதை மூடிவிடுவார்கள். ஏப்ரலில் நுவரெலியா வேண்டாம், சீசனுக்கு அறையும் கிடைக்காது, வாகனம் நகரவும் நகராது. சிவனொளிபாத மலைப் பருவத்தில் வாரஇறுதிகளில் ஹட்டன், மஸ்கெலியா பாதையை நம்ப முடியாது. போயா தினத்தில் வைத்தால் பௌத்த உறுப்பினர் வரமாட்டார், தீபாவளிக்கு முந்திய வாரத்தில் வைத்தால் நம் ஆள் வரமாட்டார். தீபாவளி முற்பணம் போடும் வாரம் எச்.ஆர். மேசை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களே அப்படித் தேதி குறிப்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

கூட்டம் எந்த மொழியில? சிங்களத்துல பேசினா எனக்குப் பாதிதான் விளங்குது. இங்கிலீஷ்ல பேச வெட்கமா இருக்கு.

யாருக்கு எந்த மொழி வருமோ அதில் பேசலாம் என்று தலைவர் கூட்டத் தொடக்கத்திலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் வைத்திருந்தால் போதாது. தமிழில் ஒருவர் பேசி முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் இரண்டு வரியில் சிங்களத்தில் சொன்னால் வேலை நடந்துவிடும். அதற்கென்று ஒருவரை முன்கூட்டியே நியமியுங்கள். நம் கிளைகளில் மூன்று மொழியும் பேசுகிற ஆள் இல்லாத கூட்டமே கிடையாது.

எழுத்தில் கொஞ்சம் கவனம் தேவை. முழுக் கூட்டக் குறிப்பை மூன்று மொழியிலும் எழுத யாருக்கும் நேரமில்லை. குறிப்பு ஒரு மொழியில் இருக்கட்டும். முடிவுகளை மட்டும், யார், என்ன, எப்போதைக்குள் என்று, மூன்று மொழியிலும் அன்றே அனுப்புங்கள். தமிழை இயந்திரத்திடம் கொடுத்து எடுத்து அப்படியே ஒட்டாதீர்கள். தேதி மாறும், மண்டபத்தின் பெயர் உருக்குலையும், படிக்கிறவருக்கு நம்மைக் கடைசியாகத்தான் நினைத்தார்கள் என்ற எண்ணம் வரும். அந்த எண்ணம் வந்தபின் சந்தா வாங்குவது சிரமம்.

வட்ஸ்அப்ல போட்டா போதாதா? எல்லாரும் பார்த்துட்டு சும்மா இருக்காங்களே.

அதிகம் கேட்கப்படுவது இதுதான். நீலக் குறி விழுந்தது பதிலாகாது. எல்லாரையும் கேட்டால் யாரையும் கேட்கவில்லை என்றுதான் ஆகும். ஒரு கிளைக் குழுவில் இப்படி ஒரு செய்தி போனது: "அன்பார்ந்த உறுப்பினர்களே, எதிர்வரும் பயிற்சிப் பட்டறையைச் சிறப்பாக நடத்துவதற்கு அனைவரதும் மேலான ஒத்துழைப்பு எதிர்பார்க்கப்படுகிறது." கும்பிடு போட்ட கைகளும் பெருவிரல்களும் வரிசையாக விழுந்தன. உதவிக்கு ஓர் ஆள் வரவில்லை. அதே வேலைக்கு இரண்டு நாள் கழித்து ஒருவருக்குத் தனியாக அனுப்பிய செய்தி இது: "மிஸ், சனிக்கிழமை பட்டறைக்கு ஹட்டன் பக்கமிருந்து யார் யார் வருகிறார்கள் என்று பெயர் எடுத்துத் தர முடியுமா? அரை மணி நேர வேலை. புதன் இரவுக்குள் கிடைத்தால் வியாழன் வேன் சொல்லிவிடலாம். முடியாவிட்டால் இன்றைக்கே சொல்லுங்கள், வேறு ஆளைக் கேட்கிறேன்." செவ்வாய்க்கிழமையே பெயர்ப் பட்டியல் வந்துவிட்டது.

இரண்டாவது செய்தி ஒரே ஒரு ஆளைக் கேட்கிறது. வேலை எவ்வளவு சின்னது என்று சொல்கிறது, எப்போதைக்கு, ஏன் அப்போதைக்கு என்று சொல்கிறது. "முடியாது" என்று சொல்லவும் வழி விடுகிறது. முடியாது என்று சொல்ல வழியில்லாத இடத்தில் மனிதர்கள் "சரி" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போவார்கள். தொழிலாளரிடம் நாம் தினமும் பார்ப்பதுதான் இது, நம்மிடமும் அப்படியே நடக்கிறது.

குழுக்களை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒன்றில் நிர்வாகிகள் மட்டும் அறிவித்தல் போட முடியும். மற்றதில் யாரும் எதையும் பேசலாம், காலை வணக்கப் பூக்கள் உட்பட. முக்கியமான விஷயத்தைக் குரல் பதிவாக அனுப்ப வேண்டாம். தேயிலை ஸ்டோருக்குள் ரோலர் ஓடும் சத்தத்தில் நிற்கிறவர் எப்படிக் கேட்பார்? யாப்புத் திருத்தம், கணக்கறிக்கை போன்ற தாள்கள் மின்னஞ்சலில் போகட்டும், போனதை மட்டும் வட்ஸ்அப்பில் சொல்லுங்கள்.

ஒருத்தர் "சரி சரி"ன்னு வேலைய எடுத்துட்டுச் செய்யாம விட்டா? ஒபிஸ்னா லெட்டர் கொடுக்கலாம், இங்க என்ன செய்றது?

விளக்கம் கேட்டு எழுதும் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். சம்பளம் கொடுக்கிற இடத்தில் கடிதத்துக்கு ஒரு பலம் உண்டு, இங்கே அது ஆளை வெளியே தள்ளும், அவ்வளவுதான். முதலில் தொலைபேசி. அதுவும் கெடுவுக்கு முன்னால், பாதி வழியில். ஒரு மூத்த உறுப்பினர் பேசியதைப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். "தம்பி, அந்த மண்டப விஷயம் எந்த மட்டத்துல நிக்குது?" "அண்ணா, இங்க ஓடிட் நடக்குது. ஒரு வாரமாத் தலை நிமிர முடியல." "சரி விடுங்க, மண்டபத்த நான் பார்க்கிறேன். சாப்பாட்டுக்கு எத்தனை பேர்னு மட்டும் எண்ணித் தர ஏலுமா?" "அது செய்யலாம்ணா." ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. வேலை நடந்தது, தம்பியும் இன்றுவரை குழுவில் இருக்கிறார்.

மூன்று தடவை தொடர்ந்து இப்படி நடந்தால் பதவியைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். தலைவர் தனியாக, நேரில் பேச வேண்டும். குழுவில் எல்லார் முன்னாலும் பேசக்கூடாது. "இந்த வருஷம் உங்களுக்குக் கஷ்டமா இருக்கு போல, அடுத்த வருஷம் பார்க்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் பெருமூச்சு விட்டு ஒத்துக்கொள்வார்கள்.

எங்க தலைவர் நேர் எதிர். எல்லாத்தையும் தானே செய்றார். நாங்க சும்மா பேருக்கு இருக்கோம்.

அவருக்கு வேலை தெரியும், உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை என்று நினைக்கிறார். அவரைத் திருத்தப் போகாதீர்கள். ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்: "சேர், இந்த மாத அறிவித்தலை நான் எழுதி உங்களுக்குக் காட்டுறேன்." வட்ஸ்அப் கேள்வியில் சொன்ன விதியே மேல்நோக்கியும் பொருந்தும். "ஏதாவது உதவி வேணுமா சேர்" என்று கேட்டால் "இல்லை, இல்லை" என்றுதான் வரும்.

என் மெனேஜரும் அதே கமிட்டியில இருக்கார். அவர் ஒன்னு சொன்னா நான் எப்படி மறுத்துப் பேசுறது?

மலையகத்தில் இது பெரிய விஷயம். துரை, பெரிய கிளாக்கர், கணக்கப்பிள்ளை, கங்காணி என்று படி வைத்த ஒழுங்கில் வளர்ந்த சமூகம். சட்டை மாறினாலும் குரல் தாழ்வது மாறுவதில்லை. பொது மெனேஜர் வாய் திறந்ததும் மேசை அமைதியாகிவிடும். பிறகு அவர் நினைத்ததே குழுவின் முடிவாகிவிடும்.

இதைச் சரிசெய்ய வேண்டியவர் தலைவர். வயதிலும் பதவியிலும் இளையவரிடமிருந்து கருத்துக் கேட்கத் தொடங்க வேண்டும், மூத்தவர் கடைசி. முக்கிய முடிவென்றால் கூட்டத்துக்கு முன்பே இரண்டு வரி எழுதி அனுப்பச் சொல்லலாம். உங்கள் பக்கத்தில் நீங்கள் செய்யக்கூடியது, கூட்டத்துக்கு முதல் நாளே மெனேஜரிடம் "சேர், நாளைக்கு நான் வேற கருத்துச் சொல்லப் போறேன், தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிடுவது. எதிர்பாராமல் மறுக்கப்படும்போதுதான் பெரும்பாலானவர்கள் மனம் நோகிறார்கள். சங்கத்தில் நடந்த வாக்குவாதத்தை மறுநாள் ஒபிஸில் யாரும் எடுக்கக்கூடாது என்பதைக் குழுவின் முதல் கூட்டத்திலேயே சொல்லி வைப்பது நல்லது.

சங்க வேலைக்கு லீவு கேட்டா ஒபிஸ்ல தருவாங்களா?

சட்டப்படி அதற்கென்று தனி லீவு கிடையாது. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகிறவருக்குள்ள 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும்தான். சில கம்பனிகள் கடமை லீவாகத் தருகின்றன. கேட்க வேண்டியது நீங்கள் அல்ல, சங்கம். பதவியேற்றதும் தலைவர் கையொப்பத்தில் உங்கள் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போகட்டும்: வருடத்தில் எத்தனை நாள், எந்த மாதங்களில், நிறுவனத்துக்கு என்ன பயன். நிகழ்ச்சிக்கு முதல் நாள் போய் நின்றால் யாரும் தரமாட்டார்கள்.

பெண்கள் கமிட்டிக்கு வரமாட்டேங்கிறாங்கன்னு சொல்றீங்க. கூட்டம் வைக்கிறது ராத்திரி, ஹோட்டல்ல. எப்படி வர்றது?

வர முடியாதுதான். கூட்டம் பகலில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சூம் கூட்டம் என்றால் அடுப்படி வேலையும் பிள்ளைகளின் படிப்பும் முடிந்த நேரம். குடிவகை உள்ள சந்திப்பில் சங்க முடிவுகள் எடுக்கக்கூடாது. வந்தவர்களிடம் கூட்டக் குறிப்பு எழுதவும் பூங்கொத்து கொடுக்கவும் மட்டும் சொல்வதை நிறுத்திவிட்டு, பொருளாளர் பதவியைக் கேட்டுப் பாருங்கள்.

வேன் காசு, சாப்பாட்டுக் காசு எல்லாம் என் கையிலிருந்து போகுது. கேட்கவும் கூச்சமா இருக்கு.

கூச்சம் வேண்டாம். தொண்டு என்றால் நேரம் கொடுப்பது, கைக்காசு கொடுப்பது அல்ல. வருடத் தொடக்கத்திலேயே எதற்குத் திருப்பிக் கொடுப்போம், எதற்கு இல்லை என்று குழு எழுதி வைக்கட்டும். பஸ் கட்டணத்துக்கு வவுச்சர், மற்றதற்குப் பற்றுச்சீட்டு. வசதியுள்ளவர்கள் "பரவாயில்லை, எனக்கு வேண்டாம்" என்று பெருந்தன்மை காட்டினால் வசதியில்லாதவர் கேட்க முடியாமல் போகும். அதனால் எல்லோரும் வவுச்சர் போட வேண்டும், விரும்புகிறவர் பிறகு நன்கொடையாகத் திருப்பித் தரட்டும். சங்கப் பணம் பொருளாளரின் சொந்தக் கணக்கில் ஒரு நாள்கூட இருக்கக்கூடாது. வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில், கையொப்பம் இருவருடையது.

அனுசரணை தர்ற கம்பனி ஒன்னு உறுப்பினர்களோட நம்பர் லிஸ்ட்டைக் கேட்குது. கொடுத்தா என்ன ஆகும்?

கொடுக்காதீர்கள். உறுப்பினர் நம்பர் கொடுத்தது சங்க அறிவித்தலுக்கு. ஒரு தேவைக்கு வாங்கிய விபரத்தை வேறு தேவைக்குப் பாவிக்கக்கூடாது என்பது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. ஊழியர் கோப்புகளைப் பூட்டி வைத்திருக்கும் நாமே நம் உறுப்பினர் பட்டியலை ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கு விற்பது அழகல்ல. "உங்கள் செய்தியைத் தாருங்கள், எங்கள் அறிவித்தல் குழுவில் ஒரு தடவை நாங்களே போடுகிறோம்" என்று சொல்லுங்கள். நல்ல கம்பனி அதற்கு ஒத்துக்கொள்ளும்.

தோட்டச் சம்பளப் பிரச்சினை வர்றப்போ கிளை ஒரு அறிக்கை விடக்கூடாதா? நம்ம சனத்தோட விஷயமாச்சே.

மனதைக் குடையும் கேள்வி. கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில் முடிவாகி வந்த தோட்டச் சம்பளம், 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வழியாக நாளொன்றுக்கு 1000 ரூபா என்று வந்தது. அந்த நேரத்தில் இப்படியொரு கிளைக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் உங்கள் வலப்பக்கத்தில் கம்பனிக்காகக் கணக்குப் போட்டவர் இருப்பார், இடப்பக்கத்தில் அம்மா இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறவர் இருப்பார். சில நேரம் இரண்டும் ஒரே ஆள்.

கிளைக்கு அறிக்கை விடும் அதிகாரம் பொதுவாகக் கிடையாது. தலைமையகச் சபைதான் சங்கத்தின் குரல், என்ன சொல்வது என்று அது முடிவு செய்ய, முழுச் சங்கத்தின் தலைவர்தான் பேச வேண்டும். நீங்கள் தனி மனிதராக எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் பெயருக்குக் கீழே சங்கப் பதவியைப் போடாதீர்கள். "இது என் சொந்தக் கருத்து" என்று கடைசி வரியில் சேர்த்துவிட்டு மேலே "கிளைச் செயலாளர்" என்று போட்டால் எல்லாரும் மேலே இருப்பதைத்தான் படிப்பார்கள்.

கிளையால் செய்யக்கூடியது வேறு உண்டு. வர்த்தமானி வந்த வாரத்திலேயே, அடிப்படைச் சம்பளம் எது, கொடுப்பனவு எது, ஊழியர் சேமலாப நிதிக்கு எது கணக்கில் வரும் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு மணி நேர விளக்கம் வைக்கலாம். செக்ரோல் என்ற தோட்டச் சம்பளப் பதிவேட்டை எழுதும் கிளாக்கரையும் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரையும் சேர்த்தே அழைக்கலாம். அறிக்கையைவிட அது பயன்படும் என்பது என் எண்ணம். இதில் என்னோடு ஒத்துப்போகாத இளையவர்கள் குழுவில் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

ஒரு உறுப்பினர் அவரோட கம்பனியில நடந்த விசாரணையைப் பத்தி, பெயரோட, குரூப்ல எழுதிட்டார். என்ன செய்றது?

முதல் வேலை, நிர்வாகி அந்தச் செய்தியை எல்லாருக்குமாக அழிப்பது. இரண்டாவது, எழுதியவருக்குத் தொலைபேசி. குழுவில் கண்டித்து எழுதினால் படிக்காதவர்களும் தேடிப் படிப்பார்கள். ஆலோசனை தேடித்தான் எழுதியிருப்பார், பெயர் இல்லாமல், இடம் தெரியாமல், கேள்வியை மட்டும் கேட்கச் சொல்லிக்கொடுங்கள்: "கைகலப்பில் இருவரும் சம பங்கு, ஒருவருக்கு முன்பு எச்சரிக்கை உண்டு, தண்டனை எப்படி வித்தியாசப்படும்?" இவ்வளவு போதும். ஆனாலும் ஹட்டன் மாதிரி ஊரில் "ஒரு ஆடைத் தொழிற்சாலை" என்றாலே எது என்று தெரிந்துவிடும், அதனால் தொழிலையும் மாற்றிச் சொல்வது நல்லது. வேண்டுமென்றே செய்தார் என்றால் ஒழுக்கக் கோவையின்படி தலைமையகத்துக்குப் போக வேண்டும், கிளை தானே தீர்ப்புச் சொல்லக்கூடாது.

மழை, மண்சரிவுன்னா போனே வேலை செய்யாதே. அப்போ உங்க வட்ஸ்அப் எல்லாம் எதுக்கு?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இதைக் கண் முன்னே காட்டியது. பாதை உடைந்தது, ரயில் நின்றது, பல இடங்களுக்குத் தொலைபேசித் தொடர்பே இல்லாமல் போனது. அதனால் உறுப்பினர் பட்டியல் தாளிலும் இருக்க வேண்டும், ஊர்வாரியாக. ஒவ்வோர் ஊருக்கும் ஒருவர், அவர் தன் பக்கத்து நாலைந்து பேரை விசாரித்து ஒரே செய்தியாக மேலே அனுப்ப வேண்டும். எல்லாரும் எல்லாரையும் அழைத்தால் இருக்கிற பற்றரியும் தீரும். அந்த நாட்களில் எச்.ஆர். ஆளிடம்தான் கம்பனி கேட்கும்: யார் எங்கே, சம்பளத்தை எப்படிப் போடுவது, வர முடியாதவருக்கு லீவு எந்தக் கணக்கில். பக்கத்துத் தொழிற்சாலை என்ன செய்கிறது என்று தெரிவதே பெரிய உதவி.

நிகழ்ச்சியை நிறுத்துவதற்கும் முன்கூட்டியே ஒரு விதி வையுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று மட்டத்தில் விடுகிறது. வருகிறவர்களின் பாதையில் எந்தப் பிரதேசத்துக்காவது செம்மஞ்சள் வந்தால், முதல் நாள் மாலை செயலாளர் ஒருவரே முடிவெடுத்துச் சூமுக்கு மாற்றலாம் என்று எழுதி வைத்தால் போதும். நள்ளிரவு வரை "வைக்கலாமா, விடலாமா" என்று குழுவில் பேசிக்கொண்டிருந்தால் பதுளைக்காரர் அதற்குள் பஸ் ஏறிவிடுவார்.

பொதுக்கூட்டத்துல எப்பவும் "ஏகமனதாகத் தெரிவு"தான். எதிர்த்து நின்னா பகையாகிடுமா?

சில இடங்களில் ஆகும், மறைக்க வேண்டியதில்லை. பெயர் குறிக்கும் படிவத்தைக் கூட்டத்துக்குப் பல வாரம் முன்பே எல்லாருக்கும் அனுப்பி, இரகசிய வாக்குச் சீட்டையும் தயாராக வைத்திருந்தால் போட்டி ஒரு சாதாரண விஷயமாகிவிடும். மேடையிலிருந்து "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு மூன்று வினாடியில் "சரி, ஏகமனதாக" என்று முடிப்பதால்தான் நிற்கிறவர் கலகக்காரர் போலத் தெரிகிறார். தோற்றவருக்கு அடுத்த வாரமே ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கேட்டுக் கொடுங்கள். எப்படிக் கேட்பது என்று மேலே சொல்லியாகிவிட்டது.

நான் விலகணும். எதை எதை ஒப்படைக்கணும்?

காரணம் விளக்க வேண்டிய கட்டாயமில்லை. எந்தத் தேதியிலிருந்து, யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்ற இரண்டும் கடிதத்தில் இருந்தால் போதும். ஒப்படைக்க வேண்டியவை: கூட்டக் குறிப்புக் கோப்பு, ரப்பர் முத்திரை, மின்னஞ்சல் கடவுச்சொல், சூம் கணக்கு, முகநூல் பக்கத்தின் உரிமை, வட்ஸ்அப் குழுக்களின் நிர்வாகி உரிமை, இன்னும் பணம் கொடுபடாத மண்டபமும் அச்சகமும், பாதியில் நிற்கும் கடிதப் போக்குவரத்து. புதியவரை நிர்வாகியாக்காமல் குழுவைவிட்டு வெளியேறாதீர்கள். நீங்கள் மட்டுமே நிர்வாகி என்றால் அந்த உரிமை வேறு யாரோ ஓர் உறுப்பினருக்குத் தானாகப் போய்விடும்.

வங்கிக் கையொப்பத்தை மாற்றத்தான் நேரம் எடுக்கும். குழுத் தீர்மானத்தின் பிரதியோடு புதியவரின் அடையாள அட்டையும் வங்கிக்கு வேண்டும், பழையவரும் புதியவரும் ஒன்றாகப் போனால் ஒரே நடையில் முடியும். போக முன் வங்கி முகாமையாளருக்கு ஒரு தொலைபேசி எடுத்து, வேறு என்ன தாள் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.